‘இல்லை’ என்ற கட்டம்

கையெழுத்துக்கு நீல மைதான் நல்லது, வக்கீலம்மா. கறுப்பில் போட்டால் இது அசலா நகலா என்று எவனாவது ஒரு குமாஸ்தா சந்தேகப்படுவான், அதற்கே இரண்டு வாரம் இழுக்கும். பதினான்கு வருஷமாக விசா அலுவலகத்துக்கு எதிரே கடை போட்டு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். ஒரு மேசை, ஒரு கணினி, படம் எடுக்க ஒரு வெள்ளைத் திரை, அவ்வளவுதான் கடை. நான் நிரப்பிய படிவம் பிழையென்று திரும்பி வந்ததில்லை, அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால், குட்டியின் படிவத்தில் நடந்தது கைத்தவறு என்று இந்த வாக்குமூலத்தில் நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்களே, அந்த வரியை முதலில் அடித்துவிடுங்கள்.

குட்டி என் தங்கை. அம்மா இறந்தபோது அவளுக்கு ஆறு வயது, எனக்கு இருபத்திரண்டு. அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். தலை வாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்தில் ‘பெற்றோர் கையொப்பம்’ என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு, கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன். என்னைப் பெண் கேட்டு ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான். சின்னவளை விடுதியில் சேர்த்துவிடலாமே என்றார். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். இதைத் தியாகம் என்றெல்லாம் எழுத வேண்டாம். எனக்கு அவள் போதும் என்றுதான் இருந்தது.

அவள் படிப்பில் கெட்டி. ஆற்று நீரில் என்னென்ன உலோகம் கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிற படிப்பு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துக் கடிதம் வந்த அன்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“அக்கா, இனிமே நீ ஃப்ரீ. எனக்காக இருந்தது போதும். உன் வாழ்க்கைய நீ பாரு.”

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் விடுதலை வேண்டும் என்று நான் யாரிடம் விண்ணப்பம் போட்டேன்? அன்று இரண்டு பேருக்கும் சாப்பாடு போட்டேன், தட்டைக் கழுவினேன். அவள் போனபிறகு ஒரு தட்டுதான் கழுவ வேண்டியிருக்கும் என்று தோன்றியது. அந்த நினைப்பு அப்புறம் என்னை விடவே இல்லை.

வகுப்பு தொடங்க ஐந்து மாதம் இருந்தது. அதற்கு முன் உதவித்தொகைக் குழு அவளை நேரில் பார்க்க வேண்டும் என்றது. பத்து நாள் வந்துவிட்டுப் போ, ஆய்வுக்கூடத்தையும் பார், திரும்பிப் போய் மாணவர் விசாவுக்கு எழுது என்றார் பேராசிரியர். ஆக, முதலில் வருகையாளர் விசா. அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: ‘பிற்பாடு இந்நாட்டில் படிக்கும் எண்ணம் உள்ளதா?’ பக்கத்தில் இரண்டு கட்டம். ‘ஆம்’ என்று போட்டுப் பல்கலைக்கழகத்தின் கடிதத்தை இணைத்தால் ஒரு வில்லங்கமும் இல்லை, விசாவிலேயே குறிப்பு எழுதித் தருவார்கள். வரிசையில் நிற்கிற ஜனங்களுக்கு இது தெரியாது. ‘ஆம்’ என்றால் விரட்டிவிடுவான் என்று நடுங்குவார்கள். அந்த நடுக்கத்தைப் போக்கி ‘ஆம்’ போடவைப்பதுதான் என் தொழிலில் பாதி. நாற்பது பேருக்காவது அப்படிப் போட்டுக் கொடுத்திருப்பேன்.

குட்டியின் படிவத்தில் ‘இல்லை’ என்று போட்டேன்.

“ஏன்க்கா, படிக்கப் போறேன்னு சொல்ல வேணாமா?”

“சொன்னா உள்ளயே விடமாட்டான். சும்மா ஊர் சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லு. ஊருக்கெல்லாம் எழுதித் தர்றவ, உனக்கா தப்பா எழுதுவேன்?”

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். படித்துப் பார்க்கவில்லை. நான் சமைத்ததை அவள் என்றைக்காவது முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டிருக்கிறாளா?

விசா மறுக்கப்பட வேண்டும், நான் நினைத்தது அவ்வளவுதான். நேர்காணலில் அதிகாரி குடைவார், இவள் திருதிருவென்று முழிப்பாள், கிடையாது என்று அனுப்பிவிடுவார்கள், இரண்டு நாள் அழுவாள், நான் தேற்றுவேன். குட்டிக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் நான் சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் ஒப்பித்துவிட்டு விசாவோடு வந்து நின்றாள். சொல்லிக்கொடுத்தவள் நான் அல்லவா.

வேறு வழி இல்லாமல் போயிற்று, வக்கீலம்மா. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் புதுச் செருப்பைப் போட்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பழகிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகக் கடிதத்தைக் கொண்டுபோகாதே, பார்த்தால் மாட்டிக்கொள்வாய் என்று சொல்லியிருந்தேன். அவளும் அதை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டாள். பெட்டி அடுக்குவது எப்போதும் என் வேலை. அவள் குளிக்கப் போனபோது கடிதத்தை எடுத்துக் கம்பளிச் சட்டையின் மடிப்பில், ஒரு முனை வெளியே தெரியும்படி வைத்தேன். தேடுகிறவர்களுக்குச் சிரமம் இருக்கக்கூடாது. எல்லோருடைய பெட்டியையும் திறப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே கடைக் கணினியிலிருந்து அந்த நாட்டு எல்லைத்துறைக்கு நான்கு வரி எழுதி அனுப்பினேன். என் பெயர் போடவில்லை. அவள் பெயரையும் விமான எண்ணையும் போட்டேன்.

அங்கே இறங்கியதும் கடிதத்தைக் கண்டெடுத்து, அவளைப் பதினான்கு மணி நேரம் ஒரு அறையில் உட்காரவைத்திருந்தார்கள். படிவத்தை நிரப்பியது யார் என்று கேட்டிருக்கிறார்கள். நான்தான் என்றாளாம் குட்டி. என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. பொய்த் தகவல் கொடுத்ததாக எழுதி, பத்து வருஷம் அந்த நாட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டு, அடுத்த விமானத்திலேயே ஏற்றிவிட்டார்கள். பல்கலைக்கழகமும் கைவிரித்துவிட்டது.

விமான நிலையத்தில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். “அக்கா, என்னைத் திருடி மாதிரி நடத்துனாங்கக்கா” என்றாள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை. நான் வளர்த்த பிள்ளையை அப்படி நடத்த அவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

கடிதம் எப்படிப் பெட்டிக்குள் வந்தது என்று நாலைந்து தடவை கேட்டாள். “நீதான் வச்சிருப்ப, அவசரத்துல மறந்திருப்ப” என்றேன். இழுப்பறையில் வைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றாள். நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ஒரு வாரத்தில், கம்பளிச் சட்டைக்குள் வைத்தது அவளுக்கே ஞாபகம் வந்துவிட்டது.

இப்போது கடையில் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். படம் எடுக்கிறாள், நகல் போடுகிறாள். படிக்கும் எண்ணம் உள்ளதா என்ற அந்தக் கேள்வி வந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுகிறாள். இளைத்துவிட்டாள். ஒருமுறை அறையைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் வெளியே வரவில்லை. நான் தச்சரை அழைத்து உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். வேலியே பயிரை மேய்ந்தது என்று உங்கள் முகம் சொல்கிறது. மேயவில்லை, வக்கீலம்மா. பயிர் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டேன்.

எனக்குத் தெரியாமல் அவள் உங்களிடம் வந்திருக்கிறாள். படிவம் நிரப்பியவர் தன் பொறுப்பென்று எழுதிக் கொடுத்தால் தடையை நீக்கிவிடலாம் என்று நீங்கள் வழி சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு அவள், “எங்க அக்கா மேல பழி வந்தா கடையை மூடிடுவாங்க. வேணாம் மேடம், பத்து வருஷம் இருந்துட்டுப் போறேன்” என்று எழுந்து வந்துவிட்டாளாம். அவளுக்குத் தெரியாமல் நீங்கள் எனக்கு அனுப்பிய இரண்டு கடிதமும் கிடைத்தன. படித்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். இப்படிப்பட்ட பிள்ளையிடம் உண்மையை மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று பட்டது. அதனால்தான் வந்தேன். கட்டத்தில் குறி போட்டது நான். கடிதத்தை வைத்தது நான். துப்புக் கொடுத்ததும் நான். தெரிந்தேதான் எல்லாவற்றையும் செய்தேன். குட்டியிடம் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். நம்பமாட்டாள். அக்கா என்னைக் காப்பாற்றுவதற்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்று இன்னும் ஒட்டிக்கொள்வாள். கடை போனால் போகட்டும், இரண்டு பேரும் வீட்டிலேயே இருப்போம்.

நாட்காட்டியைப் பார்க்க வேண்டாம். இந்த மாதிரி முறையீட்டுக்கு உத்தரவு தேதியிலிருந்து அறுபது நாள்தான் கெடு. நேற்று மாலை ஐந்து மணியோடு முடிந்துவிட்டது. முந்தாநாளே வந்திருக்கலாம்தான், வாசல் வரைக்கும் வந்தேன். வந்து சொல்லியிருந்தால் தடை நீங்கியிருக்கும், அடுத்த வருஷம் மறுபடியும் கிளம்பியிருப்பாள். அந்தக் குளிரில், ஒரு சொந்தபந்தம் இல்லாத இடத்தில், காய்ச்சல் வந்தால் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்க யார் இருக்கிறார்கள்? கடைசியில் ஒரு வரி மட்டும் நான் சொல்கிறபடி சேர்த்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்: என் தங்கைக்கு என்னால் இதுவரை ஒரு கெடுதலும் வந்ததில்லை.