மின்சாரம் இல்லாத பன்னிரண்டு பேர்

காத்திருக்கும் அறையில் நாற்காலிகளைச் சுவரோரம் வரிசையாகப் போட்டால் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள், தம்பி. ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் நான் வட்டமாகப் போட்டேன். முப்பது வருட நர்ஸ் வேலையில் நான் செய்த ஒரே தப்பு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அவசரமில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் டாக்டரிடம் ஒரு கருவி இருந்தது. தீப்பெட்டி அளவுதான். காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் வைத்துத் தைத்து, அதன் வயரைக் கழுத்து நரம்பில் சுற்றிவிடுவார். நரம்பில் இலேசாக மின்சாரம் ஓடினால் முடக்குவாதம் அடங்கும் என்பது அவர் நம்பிக்கை. இருபத்து நான்கு பேருக்கு வைத்தோம். பன்னிரண்டு பேருக்குக் கருவி ஓடும். பன்னிரண்டு பேருக்குச் சும்மா உள்ளே கிடக்கும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பட்டியலும், தோலுக்கு மேலே வைத்தே கருவியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரிமோட்டும் என் அலமாரியில், சாவி என் இடுப்பில். நேர்மையான சோதனை என்றால் அப்படித்தான்.

வருடத்துக்கு ஒருமுறை இந்த நரம்பு மின்தூண்டல்காரர்கள் எல்லாம் கூடுகிற மாநாடு ஒன்று உண்டு. முந்தைய வருடம் டாக்டர் பேசியதைப் பதினான்கு பேர் கேட்டார்கள். அதில் இரண்டு பேர் ஏசிக்காக வந்தவர்கள். இந்த வருடம் பெரிய மேடை. அங்கே எடுபட்டால்தான் கருவிக்கு அனுமதி. அனுமதி வந்தால் முதல் கருவி என் தங்கைக்கு என்று டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். என் சொந்தம் என்பதால் அவளைச் சோதனையில் சேர்க்க முடியவில்லை. விரலெல்லாம் கோணிப்போய், பித்தான்கூடப் போட முடியாதவள். அவளுக்குத் தலை வாரிவிட்டுத்தான் நான் தினமும் வேலைக்குக் கிளம்புவேன்.

வாராவாரம் எல்லோரையும் ஒரு ரப்பர் பந்தை அழுத்தச் சொல்லி, பிடியின் பலத்தைக் குறித்துக்கொள்வேன். மூன்றாம் மாதம் பட்டியலை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். கருவி ஓடியவர்களுக்கும் குணம், ஓடாதவர்களுக்கும் அதே குணம். எல்லாம் அந்த வட்டத்தால் வந்த வினை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பார்ப்பதும், கேலி பேசுவதும், நான் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிப்பதுமாக, பாவம், வலியையே மறந்துவிட்டார்கள்.

ஓடாத பன்னிரண்டில் ஒருவர் தையல்காரர். "சிஸ்டர், கரண்ட் வெச்சுட்டீங்க, சரி. என்னை எங்க சொருகி சார்ஜ் போடறது?" என்று கேட்டு அறையையே சிரிக்க வைப்பார். ஒரு வருடமாக ஊசியைத் தொடாதவர், ஒருநாள் தானே பித்தான் தைத்த சட்டையைக் கொண்டுவந்து காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இப்படியே போனால் மாநாட்டில் காட்ட வித்தியாசமே இருக்காது, தங்கைக்குக் கருவியும் கிடையாது.

முதலில் நாற்காலிகளைத்தான் சுவரோரம் தள்ளினேன். அவர்களே இழுத்து மறுபடி வட்டமாகப் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பன்னிரண்டு கருவிகளையும் ஓட விட்டேன். மற்றவர்களுக்கு வைத்த அளவில் அல்ல, அதைவிடக் கூட. அந்த நரம்பு இதயத்துக்கும் போகிறது. மின்சாரம் மிஞ்சினால் துடிப்பு மந்தப்படும், உடம்பு ஓய்ந்துபோகும். ஓய்ந்த கை பந்தை எவ்வளவு அழுத்தும்? அவர்கள் மூட்டுவலியை நான் கூட்டவில்லை. அதையும் தயவுசெய்து எழுதுங்கள்.

தையல்காரர்தான் முதலில் வந்து கேட்டார். அன்று கேலி இல்லை.

"படி ஏறினா கண்ணு இருட்டுது சிஸ்டர். மிஷின் ஓடுதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்களேன்."

"அதச் சொல்லக் கூடாதுண்ணே. ரூல்ஸ் அப்படி."

"ரூல்ஸ்னா சரிம்மா. நீங்க பாத்துக்குவீங்க."

அதற்குப் பதினோராம் நாள் கடை மாடிப்படியில் விழுந்து கிடந்தார். ஒரு கை மட்டும் தைத்து முடித்த சட்டை தோளில் இருந்ததாம். துக்கத்துக்கு முதலில் போனவள் நான். அவர் மனைவியை மடியில் சாய்த்துக்கொண்டேன். தகனத்துக்கு முன் கருவியை எடுத்துவிட வேண்டும், சூட்டில் வெடிக்கும். அதற்கும் நானே கூட நின்றேன். ரிமோட்டில் அழிக்க வேண்டிய பதிவுகளை அழித்தேன். கருவிக்குள்ளேயே இன்னொரு பதிவு இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கருவியைச் செய்தவர்கள் திறந்து பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தக் கருவி இப்போது உங்கள் ஸ்டேஷன் மேஜையில் இருக்கிறது.

மாநாட்டில் பிடியின் பலத்தை இரண்டு தூண்களாக வரைந்து திரையில் காட்டினார்கள். கருவி ஓடியவர்களுக்கு நெட்டை, ஓடாதவர்களுக்குக் குட்டை. மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருபத்து நான்கு பேருக்கும் நன்றி என்றார். நான் ஒருத்திதான் மனதுக்குள் இருபத்து மூன்று என்று திருத்திக்கொண்டேன். அத்தனை கூட்டத்தில் அந்த மனிதரை நினைக்க வேறு யார் இருந்தார்கள்?

அனுமதி வந்தது. தங்கைக்குக் கருவி வைத்து ஏழு வாரம் ஆகிறது. விரல் இன்னும் மடங்கவில்லை. நேற்று என்னிடம், "அக்கா, எனக்கு ஒண்ணும் குணம் தெரியல. மூச்சுதான் வாங்குது. கழட்டச் சொல்லேன்" என்றாள்.

அவளுக்கு எப்போதும் பொறுமை குறைவு. இத்தனை பெரிய டாக்டர்கள் எழுந்து நின்று ஒப்புக்கொண்ட வைத்தியம், அவள் ஒருத்திக்கு மட்டும் பொய்யாகுமா? இன்று காலை தலை வாரிவிட்டு, அளவை இன்னும் இரண்டு படி கூட்டி வைத்துவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். இந்நேரம் குணம் தெரிந்திருக்கும்.