மயிரிழை கோணிய வட்டம்

இந்த நாற்காலியின் ஒரு கால் கொஞ்சம் குட்டை, ஐயா. ஒரு அட்டையை மடித்துக் கொடுத்தீர்களானால் நானே சரி செய்துவிடுவேன். இதில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஆடிக்கொண்டேதான் பேசியிருப்பார்கள். யாருக்கும் உறுத்தியிருக்காது. எனக்கு உறுத்துகிறது. என் சுபாவம் அப்படி.

பட்டறை என் அத்தானுடையது, அதாவது அக்காவின் கணவர். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. மாலை வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தவளும் அவள்தான். பகலில் பட்டறை, சாயங்காலம் இயந்திரவியல் படிப்பு.

ஒரு கார் தொழிற்சாலை கழித்துவிட்ட ரோபோ கையை அத்தான் வாங்கி வந்தார். அங்கே அது வெல்டிங் செய்துகொண்டிருந்தது. இவர் அதன் மணிக்கட்டில் வெட்டும் மோட்டாரை மாட்டி, மில்லிங், அதாவது பாளத்தைக் குடைந்து உருவம் எடுக்கும் வேலை, செய்ய வைத்தார். தெர்மாகோல், மரம் என்றால் வெண்ணெயை வெட்டுவது மாதிரி வெட்டும். அலுமினியம் அப்படியில்லை, அது திருப்பித் தள்ளும். ரோபோவுக்கு ஆறு மூட்டு. ஒவ்வொன்றிலும் இம்மியளவு தளர்ச்சி. கையை முழுக்க நீட்டிக்கொண்டு பேனாவால் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள், அதன் கஷ்டம் புரியும். வட்டம் சுற்றும்போது மூட்டுகள் நடுவில் திசை மாறும். மாறுகிற இடத்தில் அந்தத் தளர்ச்சி சின்னப் படியாக விழும். கண்ணுக்கு வட்டம்தான். மயிரிழை வித்தியாசத்தையும் காட்டும் டயல் கேஜ் வைத்தால் முட்டை.

முதலில் வந்த ஆர்டர் பம்பு மூடிகள். துளைகள் கோணலாக வந்தபோது புரோகிராமில் என் தப்பு என்றுதான் நினைத்தேன். புரோகிராம் எழுதியவன் நான். வெளியே தெரியுமுன் சரிசெய்துவிடலாம் என்று, துளையை ஒரு மயிரிழை சிறியதாக வெட்ட ரோபோவுக்குச் சொல்லிவிட்டு, பட்டறையின் பின்கட்டில் கிடந்த, துளை கடைகிற பழைய போரிங் மெஷினில் ஏற்றி, வகுப்புக்குக் கிளம்புமுன் நானே அளவுக்குக் கடைந்தேன். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. என் தப்பில்லை, ரோபோ கையின் தப்பு என்று எனக்கு உறுதியானபோது, அத்தான் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தத் துளைகளைக் காட்டிப் பெருமையடிக்க ஆரம்பித்திருந்தார்.

ஒரு தடவை சொன்னேன். எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம். அது தப்பான நேரமாக இருக்கலாம்.

"அத்தான், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வர்றது வேற, சொன்ன இடத்துக்கு வர்றது வேற. இந்தக் கை முதல் வேலையை ஒழுங்கா செய்யும். ரெண்டாவது வேலையில ஏமாத்துது."

"வந்துட்டாருய்யா டாக்டரு" என்றார். எப்போதும் கேஜும் கையுமாக இருப்பதால் எனக்கு அந்தப் பட்டம். "ரோபோவுக்கு இன்னைக்கு ஜுரம் எவ்வளவு, டாக்டரே?"

பாகங்களைப் பொருத்துகிற பிட்டர் அண்ணன் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"நெஜமாத்தான் அத்தான். துளை வட்டமா வர்றதில்ல."

"அப்போ இத்தனை நாளா போன வேலையை எல்லாம் யாருடா செஞ்சது? உங்க தாத்தா வந்து செஞ்சிட்டுப் போனாரா?"

நான் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். ஆனால் அவர் கேட்டது கேள்வி இல்லையே ஐயா, கேலி. கேலிக்குப் பதில் சொல்ல எனக்கு வராது. முறையாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

முறையாகக் கேட்பதற்குப் பதில் போரிங் மெஷினை விற்றுவிட்டார். "ரோபோவே இவ்வளவு சுத்தமா பண்ணும்போது இது எதுக்கு இடத்தை அடைச்சிக்கிட்டு?" என்றார். வண்டியில் ஏற்ற நானும்தான் தோள் கொடுத்தேன். அன்று வகுப்பில் வாத்தியார் நடத்தியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அடுத்ததாக ஒரு குழந்தைகள் பூங்காவிலிருந்து ஆர்டர். ஊஞ்சல் படகு. முன்னும் பின்னும் வீசி ஆடும் பெரிய படகு. அதன் எடை முழுவதையும் இரண்டு பக்கமும் இரண்டு பேரிங்குகள் தாங்கும். பேரிங் உட்கார வேண்டிய அலுமினியக் கூடுகளை ரோபோ குடைய வேண்டும்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். மேசையில் அலுமினியப் பாளத்தை எங்கே மாட்டுவது என்பது என் முடிவு. ரோபோவின் காலடிக்கு அருகே மாட்டினால் கை மடங்கி, விறைப்பாக நிற்கும். பிழை பாதியாகக் குறையும். நான் மேசையின் கடைசி ஓரத்தில் மாட்டினேன். கை முழுக்க நீண்டுதான் அதைத் தொட முடிந்தது. ஒரு இயந்திரத்தைச் சோதிப்பதென்றால் அதன் மோசமான நிலையில்தான் சோதிக்க வேண்டும் என்று எங்கள் வகுப்பில் சொல்லித்தந்திருக்கிறார்கள். வெட்டும்போதே கை நடுங்கிக் கத்தியது. அத்தான் எட்டிப் பார்த்து, "பாட்டுப் பாடுது பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேஜ் வைத்துப் பார்த்தேன். நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் பார்த்தேன். நான் மனக்கணக்காகப் போட்டதைவிடவே கோணல் அதிகம்.

பேரிங்கைப் பொருத்த வந்த பிட்டர் அண்ணன் முகத்தைச் சுளித்தார். "என்ன தம்பி, தட்டி ஏத்த வேண்டிய சாமான், விரலால தள்ளினாலே உள்ள போகுது?"

"பசை போட்டா நின்னுடும்ணே" என்று நானே புட்டியைத் திறந்து கொடுத்தேன்.

"நீ படிச்ச புள்ள, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவரை நீங்கள் விட்டுவிடலாம். அவர்மேல் எதுவும் இல்லை.

என் கணக்கு இதுதான். முதல் ஓட்டம் மணல் மூட்டைகளை வைத்து விடுவதுதான் முறை. மூட்டைகளோடு ஆடும்போது பசை விட்டு, பேரிங் கடகடவென்று சத்தம் போடும். பூங்காக்காரர் முன்னால் அத்தான் முகம் சுருங்கும். "என்னடா இது?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார். அப்போது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லலாம் என்றிருந்தேன். இதில் யாருக்கும் தீங்கு நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பூங்காவில் அத்தான் மூட்டைகளை இறக்கவே விடவில்லை. "மணல் எதுக்கு? செஞ்சவன் உக்காந்தாத்தான் வாங்குறவனுக்கு நம்பிக்கை" என்று முதல் ஆளாக ஏறிவிட்டார். சுவிட்ச் பெட்டி என்னிடம் இருந்தது.

சத்தம் எதுவும் வரவில்லை, ஐயா. பசை நான் நினைத்ததைவிட நல்ல பசை. படகு உச்சிக்குப் போகும்வரை தாங்கியது. பிறகு ஒரு பக்கத்து பேரிங் வெளியே நழுவி, படகு சாய்ந்து, அப்படியே கீழே வந்தது. அத்தான் அங்கேயே போய்விட்டார். அக்கா பிழைத்துவிட்டாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று டாக்டர் சொல்கிறார்.

ஆமாம், அக்காவும் அதில் இருந்தாள். அதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவளுக்கு அன்று அங்கே வேலையே இல்லை. சாப்பாடு கொண்டுவந்தாள். அத்தான் மேலேயிருந்து, "வாடி, ராணி மாதிரி ஒரு சுத்து" என்று கூப்பிட்டார். அவள் படிக்கட்டில் ஒரு காலை வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"ஏறலாமாடா?"

"அத்தானைக் கேளேன்."

"அவரு கெடக்கறாரு. எல்லாத்தையும் அளந்து பாக்கிறவன் நீதானே. உன்னைத்தான் கேக்கிறேன்."

அத்தனை மாதத்தில் என்னை முறையாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அதை மறுக்கவில்லை. ஆனால் அவளிடம் ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். நல்ல துளைகளைப் போட்டது யார் என்பதை, அவர் கேட்காமலே, அவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது சொல்ல வேண்டும். அது முறையாக எனக்குப் படவில்லை.

"அத்தான் செஞ்ச வேலை அக்கா, பயப்படாம ஏறு" என்று சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

அப்போதும் நல்ல பெயரை அவருக்குத்தான் விட்டுக்கொடுத்தேன், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.