இருமினால் தண்ணீர் வரும்

கணவன்: இருமிட்டேன்... இருமிட்டேன்டா! தண்ணி எங்க?

மச்சான்: எந்த இருமல் மாமா? ஒண்ணு கேட்டுச்சு, நெஜ இருமல்னு நெனச்சு விட்டுட்டேன்.

மனைவி: அவருக்கு ரெண்டு நாளா சளி. எது நெஜம், எது நடிப்புன்னு சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்? பாவம், குளியலறைல டிரம்மைக் கட்டிப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கான் என் தம்பி.

கணவன்: சரி, மறுபடி ஒத்திகை பாப்போம். ரெண்டு தடவை இருமறேன். ரெண்டுன்னா நடிப்பு. உடனே ட்யூபைத் திறந்து விடு, சுவத்து ஓட்டை வழியா இந்தப் பக்கம் குழாய்ல கொட்டணும்.

மச்சான்: நெஜமாவே ரெண்டு தடவை வந்துட்டா?

கணவன்: அடக்கிக்கறேன்டா! அரசாங்க உத்தியோகத்துல அதைத்தானே பழகியிருக்கேன்.

மச்சான்: ஒரு சந்தேகம் மாமா. நான் இப்படி டிரம்மும் ட்யூபுமா ஒளிஞ்சு உக்காந்திருக்கேனே, இதுக்கு உங்க விளம்பரத் துறைல என்ன பேரு?

கணவன்: குடிநீர் வினியோகம்.

மனைவி: சிரிக்காதடா, டிரம் சாயப் போகுது. அதையும் உங்க மாமாதான் எழுதியிருப்பாரு.

கணவன்: ஆமா, நான்தான் எழுதினேன். 'வீடு தேடி வரும் தண்ணீர்!' ஊர் பூரா பலகை. எங்க வீட்டைத்தான் அதுக்குத் தேடத் தெரியல.

மச்சான்: எந்த வீட்டையுமே அது தேடலையே மாமா...

கணவன்: அது வந்து... முதல் கட்டம் விழிப்புணர்வு. குழாயெல்லாம் ரெண்டாவது கட்டம்.

மச்சான்: திட்டத்துக்கு வந்த பணம்?

கணவன்: முக்கால்வாசி பலகைக்குப் போச்சு.

மச்சான்: மிச்சம்?

கணவன்: பலகையை நிறுத்தறதுக்குக் கம்பம் வேணாமா?

மனைவி: இவரு பலகைக்குப் படம் எடுக்க அலைஞ்ச கதையைக் கேளு. திட்டத்துல குழாய் கெடச்ச ஒரே ஒரு வீடு வேணும்னு தேடினாரு பாரு... செருப்பு தேஞ்சதுதான் மிச்சம்.

கணவன்: நான் என்னடா பண்ணுவேன்? அச்சகத்துல கழுத்துல துண்டைப் போட்டு இழுக்கறான். கடைல ஒரு குழாயை வாங்கிட்டு வந்து நம்ம சமையலறைச் சுவத்துலயே பசை போட்டு ஒட்டிட்டேன். நடிக்க வர்றேன்னு சொன்ன பொண்ணும் வரல. இவளைப் பிடிச்சு நிக்க வச்சேன்.

மச்சான்: ஆனா பலகைல அக்கா சிரிப்பு பிரமாதம் மாமா. தாகம் தீந்த மாதிரியே இருக்கு.

மனைவி: ஏன் சிரிச்சேன்னு தெரியுமா உனக்கு? திருகுன்னு சொன்னாரு, திருகினேன். குழாய் கையோட வந்துருச்சு.

கணவன்: அந்தச் சிரிப்பைப் பாத்துட்டுதானே மந்திரியே "இந்த அம்மாவை நான் பாக்கணும்"னு...

மனைவி: அவரே சொன்னாரா?

கணவன்: சொன்னதா... சொன்னாங்க. சரி, இருமட்டுமா?

மச்சான்: இருங்க மாமா. நாளைக்குக் காலைல மந்திரி வர்றாரு. இந்நேரம் வரைக்கும் ஒரு போலீஸ்காரர்கூட வந்து எட்டிப் பாக்கலையே?

கணவன்: ரொம்ப எளிமையான மனுஷன்டா அவரு. நீ டிரம்மைப் பாரு.

மனைவி: நீங்க ஏன் என் முகத்தைப் பாக்காமலே பேசறீங்க?

கணவன்: குழாயைப் பாக்கறேன்மா, ஒட்டினது மறுபடி ஆடுது... ஆமா, தெருவுல யார்கிட்டயும் நீ வாயைத் திறக்கலையே?

மனைவி: யாரு என்கிட்ட பேசறாங்க, நான் வாயைத் திறக்க?

கணவன்: ஆரம்பிச்சுட்டியா...

மனைவி: பலகை ஏறின நாள்லேர்ந்து எதிர்வீட்டு அக்கா என்னைக் கண்டா ஜன்னலைச் சாத்தறாங்க. லாரித் தண்ணிக்குப் போனா என் குடத்தைத் தூக்கி ஓரமா வைக்கறாங்க. "உனக்கென்ன, வீட்டுக்குள்ளயே கொட்டுது, இங்க வந்து ஏன் எங்க வயித்துல அடிக்கற"ன்னு கேக்கறாங்க.

கணவன்: என்கிட்ட நீ சொல்லவே இல்லையே! அப்போ நம்ம வீட்டுக்குத் தண்ணி?

மச்சான்: நான்தான் மாமா. எங்க தெரு லாரில பிடிச்சு, நீங்க ஆபீஸ் கிளம்பினப்புறம் வண்டில கொண்டாந்து ஊத்தறேன்.

கணவன்: அடப்பாவிங்களா... நான் பாட்டுக்கு ரெண்டு வேளையும் குளிக்கறேன். அதுல பாட்டு வேற!

மனைவி: குளிங்க, குளிங்க. தண்ணிக்கு விளம்பரம் எழுதறவரு அழுக்கா போனா நல்லாவா இருக்கும்?

கணவன்: ஊருக்கே தாகத்தைத் தீத்துட்டதா எழுதினேன். கட்டின பொண்டாட்டிக்குக் கெடச்சிட்டிருந்த ஒரு குடத்தையும் பிடுங்கிட்டேன். இதுக்கு ஒரு சம்பளம், போன வருஷம் பாராட்டுப் பத்திரம் வேற. கண்ணாடி போட்டு மாட்டி வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்.

மச்சான்: அதை இப்பக் கழட்டி டிரம்முக்கு முட்டுக் குடுத்திருக்கேன் மாமா.

கணவன்: அங்கயே இருக்கட்டும். இப்பதான் அது உருப்படியா ஒரு வேலை பாக்குது.

மனைவி: ஏங்க... நாளைக்கு அவரு கேமரா முன்னாடி என்கிட்ட கேப்பாருல்ல, "தண்ணி நல்லா வருதாம்மா"ன்னு?

கணவன்: கேப்... கேக்கலாம்.

மனைவி: அப்போ நான் ஒண்ணு சொல்லிடறேன். கோபப்படக் கூடாது.

மச்சான்: அக்கா, வேணாம்க்கா. காலைல பாத்துக்கலாம்.

மனைவி: நீ சும்மா இரு... இன்னைக்கு மத்தியானம் தெருவுல ஒவ்வொரு வீடா ஏறி இறங்கினேங்க. கதவைத் திறக்காதவங்ககிட்ட வாசல்ல நின்னே சொன்னேன். எங்க வீட்டுக் குழாய் பொய், பசை போட்டு ஒட்டினது, நான் சிரிச்சதும் பொய். நாளைக்கு மந்திரி வர்றாரு, எல்லாரும் காலிக் குடத்தோட வாங்க, அவரு கண்ணு முன்னாடியே குழாயைப் பிடுங்கி அவரு கைல குடுக்கறேன்னு.

கணவன்: என்னது!

மச்சான்: கோச்சுக்காதீங்க மாமா. நாளைக்கு நீங்க தொண்டை கிழிய இருமினாலும் நான் ட்யூபைத் திறக்கப் போறதில்ல. உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான் ஒத்திகைக்கு வந்தேன்.

கணவன்: என் வேலை போயிடும்டி...

மனைவி: தெரியும். பயமாத்தான் இருக்கு. ஆனா எதிர்வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்தாங்க. "உள்ள வா, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ"ன்னு அவங்க பிடிச்சு வச்சிருந்ததுல மொண்டு குடுத்தாங்க. அங்கயே அழுதுட்டேன். அந்த மனுஷங்க எனக்குத் திரும்ப வேணும். உங்க மந்திரி அதைப் பாக்கட்டும். என்னதான் செய்வாரு?

கணவன்: கொஞ்சம் உக்காந்துக்கறேன்மா.

மனைவி: திட்டறதுன்னா திட்டிடுங்க. இப்படித் தலைல கை வச்சு உக்காராதீங்க.

கணவன்: உன்னைத் திட்டறதுக்கு எனக்கு ஏதும்மா வாய்... நானும் ஒண்ணை மறைச்சுட்டேன். சொல்லிடணும்னுதான் ஆபீஸ்லேர்ந்து வந்தேன். நீ உன் நல்ல புடவையை எடுத்து இஸ்திரி போட்டுட்டு இருந்த. அதைப் பாத்ததும் நாக்கு எழலை.

மனைவி: என்னன்னு சொல்லுங்க.

கணவன்: மந்திரி வரலம்மா. கேமராக்காரன் மட்டும்தான் வர்றான். மந்திரியைப் போன வாரமே அவரு அறைல கைல டம்ளரைக் குடுத்து, தனியா படம் எடுத்து முடிச்சாச்சு... நாளைக்கு நீ, உன் பக்கத்துல ஒரு ஆள் நிக்கற அளவுக்கு இடம் விட்டுட்டு, சும்மா சிரிச்சா போதும்.