தைத்து மூடிய கண்கள்

என் பெயர் ஐசோபெல் பிரிங்கிள். வயது நாற்பத்தொன்பது. தகப்பனார் ஹ்யூ பிரிங்கிள், காலமாகிவிட்டார். ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லைப்புறத்தில், டீவியட் ஆற்றங்கரையில், பழைய கம்பளி ஆலைக்குப் பின்புறம் உள்ள வீட்டில் வசிக்கிறேன். இறந்த விலங்குகளையும் பறவைகளையும் பாடம் செய்வது என் தொழில். தகப்பனாருக்கும் அதுவே தொழில். யாரும் மிரட்டாமல், சுயநினைவோடு காவல்துறையிடம் இதைச் சொல்கிறேன்.

முன்பு என் வேலையில் பாதி ஜெர்மனிக்கும் ஹாலந்துக்கும் போகும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு எல்லை விதிகள் மாறியதிலிருந்து, பாடம் செய்த ஒரு ஆந்தை கடலைத் தாண்ட இங்கே ஒரு அனுமதி, அங்கே ஒரு அனுமதி, நடுவில் ஒரு முத்திரை என்று ஆந்தையின் விலையைச் செலவு விழுங்கிவிட்டது. கண்ணாடிக் கண்களும் ஜெர்மனியிலிருந்துதான் வரவேண்டும். ஒரு ஜோடி பதினொரு பவுண்டு, அதை இறக்குமதி செய்ய இருபத்தொன்பது பவுண்டு. கண் வராமல் ஏழு உயிர்கள் என் பட்டறையில் வெறும் கண்குழியோடு நின்றன. அவற்றால் பார்க்க முடியாது என்று தெரிந்தும் எல்லாவற்றையும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

கடந்த பிப்ரவரியில் மேய்ப்பர் வாட் டெலிடே தம்முடைய நாய் பெஸ் இறந்துவிட்டதென்று கொண்டுவந்தார். மே மாதம் பண்ணையை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போவதாகவும், பெஸ் இல்லாமல் வண்டி ஏறப் போவதில்லை என்றும் சொன்னார். ஆடு மேய்க்கும் நாய்க்கு ஏற்ற, ஓரத்தில் வெள்ளை தெரியும் பழுப்புக் கண்களுக்கு ஜெர்மனிக்கு எழுதிப் போட்டேன். இங்குள்ள கடைகளில் அந்த வகை தீர்ந்திருந்தது. ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பொட்டலம் மறுநாள் வரும் என்று தகவல் வந்ததை நம்பி, தோலை நனைத்து உருவத்தின் மேல் ஏற்றிவிட்டேன். அதன் பிறகு சுங்கத்திலிருந்து தொலைபேசி வந்தது.

"இது என்ன கண்ணும்மா? மனுஷனுக்கா, பொம்மைக்கா?"

"செத்த நாய்க்குங்க."

"அதுக்கு எங்க பட்டியல்ல நம்பர் இல்லையே!"

பொட்டலத்தை நிறுத்திவிட்டார்கள். தோல் காய்ந்தால் இமை சுருங்கும். சுருங்கிய பிறகு என்ன கண் வைத்தாலும் அது அந்த நாயாக இருக்காது. ஈரத்துணியைப் போட்டு சனிக்கிழமை வரை ஓட்டினேன்.

அந்த அளவுக் கண்கள் ஊரில் ஒரு ஜோடிதான் இருந்தன. பிரிக்எண்ட் விடுதியின் முன்கூடத்தில் பாடம் செய்து நிறுத்தியிருக்கும் மிர்க் என்ற நாயின் கண்கள் அவை. மிர்க் என் அண்ணன் ஆர்ச்சியின் நாய். ஆர்ச்சிக்குப் பதினேழு வயதிருக்கும்போது, வெள்ளத்தில் இரண்டு பேரும் ஆற்றில் இறங்கினார்கள், நாய் மட்டும் திரும்பி வந்தது. அதன் பிறகு நாலு வருடம் அப்பா அதன் முன்னால் உட்கார்ந்து, "சொல்லுடா, எங்கடா வழுக்கினான்? நீ பாத்தேல்ல?" என்று கேட்பார். நாய் செத்ததும் அவரே பாடம் செய்தார். கண்ணுக்கு அவரே வர்ணம் தீட்டினார். முடித்த பிறகு வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் விடுதிக்குக் கொடுத்துவிட்டார். அன்று முதல் நான் விடுதிக்குள் சமையலறை வாசல் வழியாகத்தான் போய் வருகிறேன்.

விடுதிக்காரி எஃபி லாரி என்னோடு படித்தவள். கண்களை இரவலாகக் கேட்டேன். "ஏண்டி, உனக்குக் கிறுக்கா? குருட்டு நாயை வாசல்ல நிறுத்தினா எவன் ரூம் எடுப்பான்?" என்றாள். சனிக்கிழமை மதியம் ஊரே ரக்பி ஆட்டத்துக்குப் போயிருந்தது. எஃபியும் பீர் பீப்பாய்களோடு மைதானத்தில் இருந்தாள். நான் சமையலறை வழியாக உள்ளே போய், ஈரப்பஞ்சை மிர்க்கின் இமைகளில் வைத்து இரண்டு மணி நேரம் காத்திருந்து, கண்களை எடுத்தேன். அதன் பிறகு அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. இமைகளை இழுத்து, உள்தையல் போட்டு மூடினேன்.

அன்றே பெஸ்ஸுக்குக் கண் வைத்தேன். இரண்டு வாரம் காய்ந்த பிறகு வாட் வந்து, நெஞ்சோடு அணைத்து எடுத்துப்போனார். நாலாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார். கண்கள் எங்கிருந்து வந்தவை என்று அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

"இவ என் பெஸ் இல்லம்மா. என் பெஸ் ஆட்டைப் பாப்பா. இவளை எங்க வெச்சாலும் ஆத்துப் பக்கமே பாக்குறா. எனக்குப் பயமா இருக்கு."

கண்ணாடி எதையும் பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பயந்தேன்.

எப்படிப் பிடிபட்டேன் என்பது தங்களுக்கே தெரியும். அன்று திரும்பி வந்து மிர்க்கைப் பார்த்த எஃபி, நானாகத் திருப்பித் தருவேன் என்று இத்தனை நாள் பொறுத்துவிட்டு, கடைசியில் தங்களிடம், "யாருன்னு ஊரைக் கேக்கணுமா? திருடன் கண்ணைப் புடுங்கிட்டு இவ்வளவு பதமாத் தைச்சு வெச்சுட்டா போவான்? எங்க ஐசோபெல்தான் போவா" என்று சொன்னதாக அறிகிறேன். அவள் சொன்னது சரி.

நேற்று பொட்டலம் வந்து சேர்ந்தது. புதிய கண்களை பெஸ்ஸுக்கு வைக்க மறுபடி இமைகளை நனைக்க வேண்டும், தோல் தாங்குமா என்று தெரியவில்லை, வாட் புறப்பட ஒன்பது நாள் இருக்கிறது. பெஸ்ஸிடமிருந்து நான் எடுத்துக் கொடுத்த பழைய கண்கள் தங்கள் மேசைமேல் உள்ள உறையில் இருக்கின்றன. அவை எஃபியுடையவை. திருடியது நான்தான், தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். மிர்க்கின் தையலை யாரும் பிரிக்க வேண்டாம். அந்த நாய் செத்து முப்பத்தொரு வருடம் கழித்து இப்போதுதான் கண் மூடியிருக்கிறது. அன்று வேலை முடிந்ததும் அதைத் தாண்டி நடந்து, முன்வாசல் வழியாக வெளியே வந்தேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னது நடந்ததே.

(ஒப்பம்) ஐசோபெல் பிரிங்கிள்