தழுவி நிற்கும் இரண்டு மரங்கள்

லவால் நகருக்குப் போகும் மெட்ரோ ரயிலில் என் எதிரே ஒரு தம்பதி. அன்று போகும் கலியாண வீட்டில் பரிசாகக் கொடுக்க வாங்கிய பாரசீக ஓவியம் மனைவியின் மடியில் இருந்தது. அதில் ஊசிபோல் உயர்ந்த ஒரு சைப்ரஸ் மரத்தைப் பூமரம் ஒன்று தழுவி நின்றது.

“இதில ஒரு மரம் சாகப்போகுது,” என்றார் கணவர்.

“என்னப்பா! காதலர் மாதிரி நிக்குதுகள் எண்டெல்லோ கடைக்காரர் சொன்னவர்.”

“நான் காட்டில மரம் பாக்கிற வேலை செய்யிறவன். இப்பிடி நெருக்கி நிண்டால் வெயிலுக்குச் சண்டை பிடிக்குங்கள். கடைசியில ஒண்டுதான் மிஞ்சும். கலியாண வீட்டில இதைக் குடுக்கேலாது.”

“நாங்களும் இருபத்திரண்டு வருசமா நெருக்கித்தானே நிக்கிறம். இதில நீங்கள் எந்த மரம்?”

அவர் ஓவியத்தையே உற்றுப் பார்த்தார்.

“வெயில் கிடைக்காத மரம்.”

“இன்னும் சாகேல்லைத்தானே? அப்ப குடுக்கலாம்.”