டெக்லனுக்கு வெள்ளைக் கேசரி

சிரிக்காதேங்கோ மச்சாள். டெக்லன். ஓம், டெக்லன்தான். அயர்லாந்துப் பேர். நீங்கள் ஆறுதலாச் சிரிச்சு முடியுங்கோ, நான் இந்தக் கிழங்கை மசிச்சு முடிக்கிறன். விடிஞ்சால் ஞானஸ்நானம், இன்னும் ஒரு றோல்ஸ் சுருட்டேல்லை.

முடிஞ்சுதோ? சரி. நேற்று ஸ்ரேசனிலை இருந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வரேக்கை உங்கடை தம்பி வேறை பேர் சொல்லித் தந்திருப்பாரே. கெவின் எண்டவரோ? ம்ம். எனக்குத் தெரியும். பஸ் பலேர்மோவுக்குள்ளை எங்கடை சீசாப் பக்கத்துக்கு வந்து சேர முன்னமே உங்களுக்கு அதைப் பாடமாக்கியிருப்பார். எங்கடை வழக்கம் அவருக்கும் தெரியுமெல்லோ. பிள்ளைக்கு என்ன பேர் எண்டு சாமியார் கேக்கேக்கை ஞானத்தாய் சொல்லுறதுதான் பேர். தேப்பன் குதிச்சாலும் சரி, தாய் அழுதாலும் சரி, உங்கடை வாயிலை இருந்து வந்தால் வந்ததுதான். நாப்போலியிலை இருந்து ரெயினேறி வந்த உங்கடை வாயிலைதான் என்ரை பிள்ளையின்ரை பேர் கிடக்கு. அதுக்குத்தான் உங்களை இந்த வெக்கையிலை அடுப்படியிலை பிடிச்சு வைச்சிருக்கிறன். அவர் மீன் வாங்க வுச்சீரியாச் சந்தைக்குப் போட்டார். போனால் ஊர்க்கதை எல்லாம் கதைச்சுப்போட்டுத்தான் வருவார்.

என்ன, ஏர்னஸ்றோ? மாமான்ரை பேரை வைக்கச் சொல்லி மாமி நீர்கொழும்பிலை இருந்து ரெலிபோன் எடுத்து எனக்கும் அழுதவதான். மாமா நல்ல மனுசன், நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் உங்கடை குடும்பத்திலை பிறக்கிற ஆம்பிளைப் பிள்ளையள் எல்லாம் ஏர்னஸ்ற். பெரிய ஏர்னஸ்ற், சின்ன ஏர்னஸ்ற், கடைக்கார ஏர்னஸ்ற். கலியாண வீட்டிலை ஏர்னஸ்ற் எண்டு கூப்பிட்டால் பந்தியே எழும்புது. இனி இவனுக்கு என்ன, பலேர்மோ ஏர்னஸ்றோ? உங்களுக்கும் சிரிப்பு வருது பாருங்கோ.

உங்கடை தம்பிக்கு எப்பிடி அயர்லாந்து பிடிச்சது எண்டோ? அது பெரிய கூத்து. உலகக் கிண்ணப் பந்தடியிலை அயர்லாந்தின்ரை ரெண்டு மாட்ச் இஞ்சை நடந்ததெல்லோ, அயர்லாந்துக்காரர் ஆயிரக்கணக்கிலை வந்து இறங்கினவங்கள். பச்சைச் சேட்டு, வெயிலிலை அவிஞ்ச இறால் மாதிரி முகம், காலமை தொடக்கம் குடி, குடிக்குக் குடி பாட்டு. ஆனால் ஒருத்தரோடையும் கொழுவேல்லை, அதையும் சொல்ல வேணும். இவர் அவங்களுக்குக் கிட்டப் போய் நிண்டு கதைச்சு, தோளிலை கை போடப் பண்ணி, ஒரு கிழமையிலை அவங்கடை மருமோன் மாதிரி ஆகிட்டார். அயர்லாந்தும் லண்டனும் ஒண்டுதானாம். இவருக்கு ஆர் சொன்னது? ஒருத்தரும் இல்லை, இவரே சொன்னது. அந்தச் சனம் தலையிலை அடிச்சு, இல்லையடாப்பா, நாங்கள் வேறை அவங்கள் வேறை எண்டு சொன்னாலும் இவருக்கு விளங்காது. பிள்ளைக்கு ஒரு அயர்லாந்துப் பேர் வைச்சுவிட்டால், நாளைக்கு லண்டன் எயாப்போட்டிலை பேரைப் பாத்தவுடனை, வா மோனை எண்டு கதவைத் திறந்துவிடுவாங்களாம்.

முதல் பற்றிக் எண்டவர். நான் கேட்டன், யாழ்ப்பாணத்திலை கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிஞ்சால் ஒரு பற்றிக்கின்ரை மண்டையிலைதான் விழும், அதுக்கு ஏன் அயர்லாந்துக்காரனைக் கேக்கிறியள் எண்டு. பேந்துதான் கெவின். சரி, கெவின் நல்ல பேர். ஆனால் பாஸ்போட்டிலை கெவினுக்குப் பின்னாலை சந்தியாப்பிள்ளை நிக்குமெல்லோ மச்சாள்? சந்தியாப்பிள்ளையை எங்கை கொண்டுபோய் ஒளிக்கிறது? கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவர் வானமேறி வைகுந்தம் போகப் போறாராம். இஞ்சை இருக்கிறதுக்கு விடுற பெர்மெஸ்ஸோக் கடதாசியே கைக்கு வந்து இன்னும் மை காயேல்லை.

என்ன தேடுறியள்? மேல்தட்டிலை இல்லை. கேசரிப் பவுடர் எங்கையும் இல்லை மச்சாள். நீங்கள் குடுத்துவிட்ட ரின் ரெண்டும் முடிஞ்சுது. நான் கேசரி கிண்டித் திண்டு முடிச்சன் எண்டு நினைக்கிறியளோ? உங்கடை தம்பியைக் கேளுங்கோ. இல்லை, அவரைக் கேட்டால் வாயாலை வடை சுடுவார், நானே சொல்லுறன்.

அயர்லாந்துக் கொடி பச்சை, வெள்ளை, ஒறேஞ்ச். இத்தாலிக் கொடி பச்சை, வெள்ளை, சிவப்பு. இத்தாலிக் கொடி அந்த நேரம் மூலைக்கு மூலை மலிவு. இவருக்கு மூளை வேலை செய்திட்டுது. ஒரு கட்டு இத்தாலிக் கொடி வாங்கி, சிவப்பை வெட்டி எறிஞ்சுபோட்டு, ஒறேஞ்ச் துணி வைச்சுத் தைச்சால் சரியெல்லோ? ஒறேஞ்ச் துணிக்கு எங்கை போறது? பிள்ளைக்கு அணையாடை கிழிக்கச் சொல்லி நான் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோரா எனக்குத் தந்த பழைய கட்டில் விரிப்புகள் இருந்தது. நல்ல பருத்தி. மூலையிலை அவவின்ரை பேரெழுத்துத் தையல் போட்டது, நான்தான் எத்தினையோ தரம் மினுக்கியிருப்பன். அதை முழுக்கக் கிழிச்சு, உந்தப் பெரிய சட்டியிலை தண்ணி கொதிக்க வைச்சு, உங்கடை ரெண்டு ரின் கேசரிப் பவுடரையும் கொட்டி அவிச்சார். வீடு முழுக்கக் கலியாண வீட்டு மணம். நான் வயித்தைத் தள்ளிக்கொண்டு நிண்டு பாக்கிறன், பிள்ளையின்ரை துணி சட்டிக்குள்ளை கொதிக்குது.

வித்துதோ எண்டோ? வித்துதே! பறந்துது. அயர்லாந்துக்காரன் கொடியைத் தோளிலை போட்டான், வேர்த்தான், சாயம் இறங்கிச்சுது. அந்தக் கிழமை பலேர்மோவிலை கழுத்து மஞ்சளாத் திரிஞ்சவன் எல்லாம் உங்கடை தம்பியின்ரை வாடிக்கைக்காரன். பாவங்கள், வெயில் பட்டு வந்த வருத்தம் எண்டு நினைச்சிருக்குங்கள்.

இருங்கோ, பிள்ளை அனுங்குறான். தொட்டிலை ஒருக்கா ஆட்டிவிடுங்கோ. ம், படுத்திட்டான்.

ஓம் ஓம், செங்கமாரி. மாமி அதுக்கு மடு மாதாவுக்கு நேர்த்தி வைச்சதும் தெரியும். பிறந்த உடனை பிள்ளை மஞ்சளா இருந்தது உண்மைதான். மாதா எங்கடை பக்கம்தான், அதிலை நான் குறை சொல்லேல்லை. ஆனால் மச்சாள், அது செங்கமாரி இல்லை.

உங்களிட்டை அவர் என்னெண்டு சொன்னவர்? சொல்லுங்கோவன். மனுசிக்கு வயித்து நோ கண்டவுடனை நாலு மாடியும் தூக்கிக்கொண்டு இறங்கினனான் எண்டோ? றோட்டு முழுக்கச் சனம், பஸ் இல்லை, வத்தகப்பழம் விக்கிறவன்ரை லாப்பாவை மறிச்சு, அந்த மூண்டு சில்லு வண்டியிலை பழத்துக்கு நடுவிலை இருத்தி, கையைப் பிடிச்சுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனனான் எண்டோ? வடிவாச் சொல்லியிருக்கிறார். ஒரு சொல்லும் பிழையில்லை. ஆளைத்தான் மாத்திப்போட்டார்.

மத்தியானம் வந்திடுவன் எண்டு சொல்லிப்போட்டுக் கடைசிக் கட்டுக் கொடியை விக்கப் போனவர். பின்னேரமாகியும் ஆளைக் காணேல்லை. பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் வேலைக்குப் போட்டுதுகள். எனக்கு இடுப்பு உளையத் தொடங்கிட்டுது. சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு நானே இறங்கி, இந்தாளைத் தேடி றோட்டாலை நடந்தன். எனக்கு எவ்வளவு பயம் எண்டு உங்களுக்குச் சொன்னால் விளங்காது மச்சாள். தலைப்பிள்ளை, ஒருத்தரும் இல்லை, பாசை பாதி. முனையிலை அயர்லாந்துக்காரர் கொஞ்சப்பேர் மாட்சுக்குப் போக நிக்கிறாங்கள். ஒருத்தன்ரை தோளிலை கொடி. கொடியின்ரை மூலையிலை சிஞ்ஞோராவின்ரை பேரெழுத்து! நான் அதைப் பிடிச்சு இழுத்து, மரீத்தோ, மரீத்தோ, என்ரை மனுசன் எங்கை எண்டு கத்துறன். அவன் பயந்துபோய்க் கொடியைக் கழட்டி என்ரை கையிலை தந்திட்டான். அந்த இடத்திலைதான் எனக்குப் பன்னீர்க்குடம் உடைஞ்சுது.

மற்றவங்கள் நிண்டு முழிக்கிறாங்கள். அவன் முழிக்கேல்லை. அப்பிடியே தூக்கிட்டான். லாப்பாவை மறிச்சது அவன். பழங்களை அங்காலை உருட்டிப்போட்டு இருத்தினது அவன். ஆஸ்பத்திரியிலை அவனைத்தான் தேப்பன் எண்டு நினைச்சவையள். அந்தச் சிவத்த முகத்தையும் என்ரை கறுத்த முகத்தையும் பாத்து அந்தக் கன்னியாஸ்திரி ஒரு கேள்வி கேக்கேல்லை, மாதா அவவுக்குப் புண்ணியம் குடுக்கட்டும். பேர் என்னெண்டு மட்டும் கேட்டவ. டெக்லன் எண்டான்.

அவன்ரை சேட்டுப் பையிலை மாட்ச் ரிக்கற் நீட்டிக்கொண்டு நிண்டது, நான் என்ரை கண்ணாலை கண்டனான். காவலாளியின்ரை அறைக்குள்ளை ரீவி. சனம் கோல் எண்டு கத்தேக்கை சிஸ்ரர் சொன்னவ, உங்கடை ஆக்கள்தான் அடிச்சிருக்கினம், ஓடிப்போய்ப் பாரெண்டு. அவன் அசையேல்லை. அசைய ஏலாது, அவன்ரை கையை நான் விடேல்லை. எவ்வளவு தூரத்திலை இருந்து கடல் கடந்து வந்தவன், பாருங்கோ. அந்த ஒரு கோலுக்கு.

அந்தக் கோலை ஆர் பாத்தது தெரியுமோ? உங்கடை தம்பி. வுச்சீரியாவிலை ஒரு பாரிலை, கொடி வித்த காசிலை, கதிரைக்கு மேலை ஏறி நிண்டு. விடியத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். பிள்ளை பெத்துக் கிடக்கிறன், வந்தவர் சொன்ன முதல் சொல்லு என்ன தெரியுமோ? ஒண்டுக்கு ஒண்டு!

பேந்துதான் பிள்ளையைப் பாத்தவர். மேலெல்லாம் மஞ்சள். இஞ்சை பிள்ளைக்குத் துணி நாங்கள்தான் கொண்டுபோக வேணும், நான் ஒண்டும் கொண்டுபோகேல்லை. அதாலை டெக்லன்ரை கொடியிலைதான் பிள்ளையைச் சுத்தியிருந்தது. சிஸ்ரர் ஈரத்துணியாலை துடைக்கத் துடைக்கச் செங்கமாரி துணியோடை வருது! அவ விழுந்து விழுந்து சிரிச்சவ. உங்கடை தம்பி சிரிக்கேல்லை. அந்தப் பேரெழுத்தைப் பாத்தார், என்னைப் பாத்தார், ரெலிபோன் எடுத்திட்டு வாறன் எண்டு வெளியிலை போனார். போய் மாமிக்குச் சொன்னதுதான் செங்கமாரி. நாலு மாடிக் கதை அடுத்த நாள் வந்தது. பெர்மெஸ்ஸோக் கந்தோர்க்காரர், றூம் பெடியள், கோயில் சனம் எல்லாருக்கும் அதே கதை. நான் வாய் திறக்கேல்லை. மனுசன்ரை மானம் போகக் கூடாது எண்டு இவ்வளவு நாளும் முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மூடி வைச்சிருந்தன்.

டெக்லனோ? பிள்ளையின்ரை நெத்தியிலை ஒரு சிலுவை போட்டிட்டு, இருட்டோடை போட்டான். தன்ரை பேரிலை ஒருத்தன் இஞ்சை இருக்கப் போறான் எண்டு அவனுக்குத் தெரியாது, தெரியவும் வராது. நாளைக்கு நீங்கள் கெவின் எண்டு சொன்னீங்களோ, அந்த நாலு மாடிப் பொய்யைத்தான் என்ரை பிள்ளை சாகுமட்டும் பேராச் சுமப்பான். எனக்கு அதுமட்டும் வேண்டாம் மச்சாள். உங்கடை தம்பியோடை நான் சீவிப்பன், அதைப் பற்றி யோசிக்காதேங்கோ. அவர் கெட்ட மனுசன் இல்லை, விசர் மனுசன்.

என்ன? திருப்பிச் சொல்லுங்கோ. டெக்... லன். ஓம், அப்பிடித்தான். இன்னும் ஒருக்கா. இந்தச் சத்தம் காணாது மச்சாள், கோயில் பெரிசு, பின் வாங்கிலிலை நிக்கிறவருக்கும் கேக்க வேணும்.

கேசரியை விடாதேங்கோ, கிண்டுவம். றவையிருக்கு, சீனியிருக்கு, முந்திரிகை வத்தலிருக்கு. வெள்ளையாவே இருக்கட்டும். ஏன் நிறமில்லை எண்டு நாளைக்கு ஆரும் கேட்டால், உங்கடை தம்பியைக் கேக்கச் சொல்லுங்கோ.