பத்துக் கட்டத்தில் ஒரு முகம்

பீமாராவுக்குச் சர்க்கரை இல்லாத டீதான் பிடிக்கும், சார். அன்று காலையும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நாங்கள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

செஞ்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இருவரும் வீடியோ கேம் செய்துகொண்டிருந்தோம். கோட்டைக்குள் துரத்தப்படும் ஒரு சிப்பாயின் கதை. புரோகிராம் சேர்ந்தே எழுதினோம். படம் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் ஒத்துப்போகவில்லை. அவனுக்குப் பழைய கேம்களைப் போலக் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். சிப்பாயின் முகமே பத்துக் கட்டம்தான். கண்ணுக்கு இரண்டு புள்ளி. எனக்கு நிஜ மனிதனைப் போல வேண்டும். தோலின் துளைகள் தெரிய வேண்டும், மூக்கு நுனியில் வேர்வை நிற்க வேண்டும். அந்த ஒரு முகத்துக்கு எட்டு மாதம் உழைத்தேன்.

சென்னையில் கேம் வெளியிடும் கம்பெனியில் இருக்கும் மோனிகா இரண்டு மாதிரிகளையும் விளையாடிப் பார்த்தார். பீமாராவுடையதைப் பாதியில் நிறுத்தி, பயத்தில் தனியாக உட்கார்ந்து விளையாட முடியவில்லை என்றார். என்னுடையதை முடித்துவிட்டு, "நல்லா இருக்கு வின்சென்ட். ஆனா இவன் பயப்படலையே, பொம்மை மாதிரி இருக்கான்" என்றார்.

அவர் சொன்னது நியாயம். பயந்த முகத்தை நான் பக்கத்தில் பார்த்ததில்லை. கண்ணாடி முன்னால் நடித்துப் பார்த்தேன். ஒருநாள், பீமாராவின் அம்மாவை லாரி அடித்துவிட்டதாக அவனிடம் சொல்லிப் படம் எடுத்தேன். அழுகைதான் வந்தது. அதையும் அவன் மன்னித்தான், கேமுக்காகத்தானே என்றான்.

பிறகுதான் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை. உச்சியில், இடிந்த மதிலுக்கு வெளியே ஒரு பாறை விளிம்பு. அதில் நின்று பின்னால் சாயச் சொன்னேன். என் இடது கை அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. வலது கையில் போன். மதிய வெயிலில் ஆட்கள் இல்லை. குரங்குகள் மட்டும் இருந்தன.

"கெட்டியா புடிச்சிக்கினியாடா?" என்றான். பிடித்திருக்கிறேன் என்றேன். உடனே அவன் முகம் தெளிந்துவிட்டது. அதுதான் சிக்கல். பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன். கண் விரிந்தது, உதடு வெளுத்தது, கழுத்து நரம்பு துடித்தது. எட்டு மாதமாக நான் தேடியது அதுதான். இறுக்கியதும் போய்விட்டது. மறுபடி தளர்த்தினேன்.

"வேணாண்டா வின்சென்ட்டு. கை வேர்க்குது, மேல இழு. பயமா இருக்குது."

குரல் மெலிந்துபோயிருந்தது. அவன் கால் நடுங்கிக் கற்கள் உதிர்ந்தன. அவை கீழே விழும் சத்தம் கேட்க நேரமானது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது, சார். படம் கிடைக்காமல் போய்விடுமோ என்று.

பிடித்திருக்கும்வரை அவன் என்னை நம்புவான். நம்புகிற முகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அதனால் கையைத் திறந்தேன். தள்ளவில்லை.

படங்கள் பதிந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு 108-க்குப் போன் செய்தேன். பத்தொன்பது படங்கள். பதினெட்டு நன்றாக வந்திருந்தன. கடைசிப் படத்தில் மட்டும் பயம் இல்லை. நான் எப்படியும் பிடித்துவிடுவேன் என்பதுபோல என் பக்கம் கை நீட்டியிருந்தான். அதைத்தான் அழித்தேன். நீங்கள் நினைப்பதுபோலத் தடயத்தை மறைக்க இல்லை. அது வேலைக்கு ஆகாது, அவ்வளவுதான்.